கத்திரி வெயிலில் முயலுக்குத் தழை போடும்போது செய்யக்கூடாதவை

கத்திரி தொடங்கியதும் சென்னையில் மாதவரம், புழல், மணலிப் பக்கம் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு முயல் வளர்ப்பவர்கள் முருங்கைக் கீரையைத் தேடி அலைகிறார்கள். குளிர்ச்சி என்று நம்பி ஒரே நாளில் கட்டுக் கட்டாகப் போடுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

முயலுக்கு வியர்க்காது. காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். நம் கடலோரப் புழுக்கத்தில் மூச்சு வழியும் பாதிதான் உதவும். 30 டிகிரியைத் தாண்டினாலே தீனி குறையும், 35-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. நிழல், காற்றோட்டம், குளிர்ந்த தண்ணீர் இல்லாத கொட்டகையில் எந்தத் தழையும் எடுபடாது. கூரையை ஒட்டி வரும் குழாயில் முயல் தண்ணீர் குடிக்கும் முனையை (நிப்பிள்) மதியம் அழுத்தி, வரும் தண்ணீரை விரலில் தொட்டுப் பாருங்கள், சுடும். அதை முயல் சரியாகக் குடிக்காது. தண்ணீர் இறங்காவிட்டால் தீனியும் இறங்காது.

முருங்கை நல்ல தீவனம், புரதம் நிறைந்தது. ஆனால் பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வயிறு நிறைந்துவிடும், அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு கலந்த தீனி) அப்படியே கிடக்கும். அதோடு, நார்ச்சத்தைச் செரிக்க வைக்கும் குடல் நுண்ணுயிர்கள் புதுத் தழைக்குப் பழக நாளாகும். ஒரு கைப்பிடியில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாகக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் வயிறு உப்பும், கழிச்சல் வரும். பால் மறந்த குட்டிகள் ஒரே ராத்திரியில் போய்விடும்.

மார்க்கெட்டில் மிஞ்சிய கோஸ் இலை, கொத்தமல்லித் தண்டு மூட்டையாகக் கிடைக்கும். மூட்டைக்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்கிறதா? உள்ளே அழுக ஆரம்பித்துவிட்டது, வேண்டாம். நல்ல தழையானாலும் கழுவி, நிழலில் பரப்பி, வாடிய பிறகே போடுங்கள். கோஸ் இலை வயிற்றில் வாயு பிடிக்கும், குறைத்துக்கொள்ளுங்கள்.

சூபாபுல் என்ற தீவன மரத்தின் தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. அதை மட்டுமே தொடர்ந்து போட்டால் முடி கொட்டும். வேலிமசால் என்ற தீவனப் பயிர், அகத்தி இவற்றோடு கொஞ்சமாகக் கலந்தால் போதும்.

காயவைத்த முருங்கை இலைப்பொடியைத் தூவினால் மூக்கில் ஏறித் தும்மும். லேசாக ஈரமாக்கிய தீவனத்தில் பிசைந்து கொடுங்கள், மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்க நேரமே ஆகாது.

அப்புறம், உச்சிவெயிலில் தீவனம் வேண்டாம். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் முயல் ஆசையாகத் தின்னும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தழையை நீட்டிக்கொண்டிருக்காதீர்கள். நிழலுக்கு மாற்றி, காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ உடனே கொண்டு போங்கள்.