முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் போரிட்டு மாண்ட ஐரிஷ் சிப்பாயின் தடம் தேடுவது எப்படி

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் பெயரைத் தேடி, படை எண், ரெஜிமென்ட் (படைப்பிரிவு), பட்டாலியன் (அதன் உட்பிரிவு), இறந்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மர்பி, கெல்லி போன்ற குடும்பப் பெயர்கள் ஏராளமாக வருமாதலால், பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஒரே எண் வெவ்வேறு ரெஜிமென்ட்டுகளில் வழங்கப்பட்டிருப்பதால் எண்ணையும் ரெஜிமென்ட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிறந்த குடும்பத்தை அறிய, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ள 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் உதவும்.

சேவைக் கோப்பு கிடைக்காவிட்டால் வியக்க வேண்டாம். 1940 செப்டம்பரில் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது, லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பட்டாலியன் போர் நாட்குறிப்பே. அதில் சாதாரணச் சிப்பாயின் பெயர் அரிதாகத்தான் வரும் (அதிகாரிகளின் பெயர் தவறாது, இதுவும் ஒரு வகை வர்க்கபேதம்தான்). எனினும் அவர் இறந்த நாளில் அணி எங்கே நின்றது, எப்போது முன்னேறியது என்பது தெரியும். நாடாளுமன்ற உறுப்பினரான மேஜர் வில்லி ரெட்மண்ட் 56 வயதில் உயிரிழந்த 1917 ஜூன் 7ஆம் நாள் பெல்ஜியத்தின் மெசின்ஸ் தாக்குதலைப் படித்துப் பழகினால், அன்று அருகருகே போரிட்ட 16ஆவது ஐரிஷ், 36ஆவது அல்ஸ்டர் டிவிஷன்களின் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படைகளின்) நகர்வு விளங்கும்.

1923இல் வெளியான அயர்லாந்து நினைவுப் பதிவேட்டின் 49,000க்கும் மேற்பட்ட பெயர்களில், ஐரிஷ் ரெஜிமென்ட்டுகளில் பணியாற்றிய பிற நாட்டினரும் அடங்குவதால், பிறந்த ஊரைத் தனியே சரிபாருங்கள்.