முதுகு நீர்ப் பரிசோதனை: எம்எஸ் சந்தேகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரத்தில் ஆய்வக வேலையில் இருக்கிறேன். வருடா வருடம் புதிய பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள். எங்கள் காலத்துத் தவறுகளும் அவர்களோடு திரும்பி வந்துவிடுகின்றன. கையுறை, சுத்தம், குழாயில் பெயர் எழுதுவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம்எஸ், இருக்குமோ என்று முதுகுத்தண்டு நீர் எடுக்கும்போது நடப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ரத்தம் எடுக்காமல் நீரை மட்டும் அனுப்புவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

எம்எஸ் நோயில் நம் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. அப்போது அந்தப் பகுதிக்குள்ளேயே ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகிறது. முதுகு நீரை ஜெல்லில் மின்சாரம் செலுத்திப் பிரித்தால் அது மெல்லிய கோடுகளாகத் தெரியும். ஒலிகோகுளோனல் பேண்ட் என்பது இந்தக் கோடுகள்தான். ஆனால் உடம்பில் வேறெங்கோ உள்ள அழற்சியாலும் இப்படிப்பட்ட கோடுகள் ரத்தத்தில் உருவாகி, முதுகு நீருக்குக் கசிந்து வரலாம். கடற்கரைக் கிணறு கரிக்கிறது. உப்பு அந்த மண்ணிலேயே இருந்ததா, கடலிலிருந்து ஊறி வந்ததா என்று கிணற்று நீரை மட்டும் குடித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?

அதனால்தான் ஒரே சமயத்தில் எடுத்த ரத்த சீரத்தையும் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) முதுகு நீரையும் அடுத்தடுத்த தடங்களில் ஓட விடுகிறார்கள். சீரத்தில் இல்லாத கோடுகள் முதுகு நீரில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பாசிட்டிவ். இரண்டு தடத்திலும் அச்சு அசலாக ஒரே கோடுகள் என்றால் அவை ரத்தத்திலிருந்து வந்தவை.

மண்டபம் பக்கத்துப் பெண் ஒருவர், கடல்பாசி எடுக்கப் போகிறவர். ஒரு கண் மங்கியது, சில வாரங்களில் இரண்டு காலும் மரத்துப் போயின. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் முதுகு நீர் எடுத்து அனுப்பினார்கள். கூடவே ரத்தம் போகவில்லை. ‘பேண்ட் உண்டு’ என்று ரிப்போர்ட் வந்தது. எம்எஸ் என்று முடிவு கட்டி இன்டர்ஃபெரான் ஊசி ஆரம்பித்தார்கள். வீட்டு நகை அடகுக்குப் போனது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த தாக்குதல் வந்து, அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அப்புறம் இங்கே வந்தார். நீரும் ரத்தமும் சேர்ந்து போனபோது இரண்டிலும் ஒரே கோடுகள். ரத்தத்தில் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ். அவருக்கு இருந்தது எம்எஸ் இல்லை, என்எம்ஓ. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் வேறு நோய் அது. அதில் இன்டர்ஃபெரான் நோயைக் கூட்டிவிடக்கூடியது.

“ஒரு ஊசி ரத்தந்தானம்மா, அன்னைக்கே எடுத்திருக்கக் கூடாதா?” என்று அவருடைய அம்மா என்னிடம் கேட்டார். அன்றைக்கே எடுத்திருந்தால் ‘இது எம்எஸ்தானா’ என்ற கேள்வியாவது அன்றைக்கே எழுந்திருக்கும்.

எம்எஸ்ஸை உறுதி செய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்ட் விதிகள் 2017இல் திருத்தப்பட்ட பிறகு இந்தத் தவறின் விலை இன்னும் கூடிவிட்டது. எம்எஸ்ஸில் வழக்கமாக வரும் அறிகுறி இருந்து, எம்ஆர்ஐயில் வெவ்வேறு இடங்களில் பாதிப்பும் தெரிந்தால், இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திருக்காமல் இந்தக் கோடுகளை வைத்தே நோயை உறுதி செய்யலாம். அவ்வளவு கனமான முடிவு ஒற்றைக் குழாயில் தொங்கக் கூடாது. அந்த விதிகளின் 2024 திருத்தம் ஏற்றுக்கொண்ட கப்பா ஃப்ரீ லைட் செயின் சோதனை (எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டை அளந்து குறியீடாகச் சொல்வது) வந்துவிட்டால் ரத்தம் வேண்டாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்தக் குறியீட்டைக் கணக்கிடவும் ரத்த அளவு வேண்டும்.

செல் எண்ணிக்கையையும் மதுரைக்கு அனுப்புவது

முதுகு நீரில் உள்ள செல்கள் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே சிதையத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிவிட வேண்டும். மதுரை இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். செல், சர்க்கரை, புரதம் மூன்றையும் இங்கேயே பாருங்கள். கோடுகளுக்கான மாதிரி மட்டும் பயணம் போகட்டும். எம்எஸ்ஸில் செல்கள் இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். கன மில்லிமீட்டருக்கு 50ஐத் தாண்டினாலோ, புரதம் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினாலோ காசநோய் உட்பட வேறு காரணம் தேடுங்கள்.

ரத்தம் எடுத்த சோதனைக் குழாயை மீன் ஐஸில் புதைப்பது

அந்தக் குளிரில் சிவப்பணு உடைந்துவிடக்கூடும். சீரத்தைப் பிரித்த பிறகு குளிரில் வையுங்கள்.

அக்வாபோரின்-4 ஆன்டிபாடி சோதனையை முதுகு நீரில் கேட்பது

ரத்தத்தில் கேளுங்கள்.

கோடுகள் இல்லை, ஆகவே எம்எஸ் இல்லை என்பது

அப்படிச் சொல்லாதீர்கள். கோடுகளே தெரியாத எம்எஸ் நோயாளிகள் உண்டு. ஆசியர்களில் அவர்கள் மேற்கத்தியர்களைவிட அதிகம்.

வீட்டாரிடம் பேசாமல் ஊசியை எடுப்பது

‘முதுகில் தண்ணி எடுத்தால் கால் விழுந்துவிடும்’ என்ற பயம் பாம்பன், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் உண்டு. தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழே போகிறது என்று தொட்டுக் காட்டிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள். நீர் எடுத்த பிறகு வரக்கூடிய தலைவலி பற்றியும் முன்கூட்டியே சொல்லுங்கள். பென்சில் முனை ஊசியால் அது குறையும்; மணிக்கணக்கில் படுக்க வைப்பதால் அதைத் தடுக்க முடியாது. உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் குறையும் தலைவலி வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் போன் செய்து காத்திருக்க வேண்டாம், நேராகக் கிளம்பி வரட்டும்.