லோகோ வரும், உடனே ரீஸ்டார்ட் ஆகும்: என் அனுபவம்

பெரம்பூர் வீட்டில் இருக்கும் எங்கள் டெஸ்க்டாப் போன மாதம் திடீரென்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. பவர் பட்டனை அமுக்கினால் விண்டோஸ் லோகோ வரும், புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றும், டக்கென்று அணைந்து மறுபடி முதலிலிருந்து. மகளின் ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தெரிந்த கடைக்காரர் போனிலேயே, "விண்டோஸ் போயிருக்கும், ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்றார். ஃபார்மட் பண்ணினால் ப்ராஜெக்ட் அழிந்துவிடுமே, மனசு கேட்கவில்லை. டெலிட் கீயைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் செட்டிங்ஸ் பக்கம்) போய் அப்படியே விட்டுவைத்தேன். அங்கேயும் நாலே நிமிடத்தில் ரீஸ்டார்ட்! பயாஸில் இருக்கும்போது விண்டோஸ் ஓடுவதே இல்லை. ஆக, கோளாறு ஹார்டுவேரில்தான்.

ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் துடைத்து மாட்டினேன். பலனில்லை. அப்புறம் பயாஸில் வோல்டேஜ் பக்கத்தைப் பார்த்தேன். 12 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 11.1. ஐந்து சதவீதம் ஏறி இறங்கலாம், 11.4-க்குக் கீழே போகக் கூடாது. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வலுத்தது. அதன் பின்பக்க ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்தால், கரண்டைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் ஒன்றின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. (அதைத் திறந்து நோண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும்.)

மறுநாள் ரிச்சி தெருவில் 450 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி, மதர்போர்டுக்கான 24 பின், சிபியுவுக்கான 4 பின் இரண்டையும் மாட்டினேன். இப்போது 12.1 காட்டுகிறது. மூன்று வாரமாக ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. ப்ராஜெக்ட்டும் பத்திரம்.