மச்சான் அனுப்பும் "முன்னணி" படத்தை எப்படிப் படிப்பது

டல்லாஸில் இருக்கும் என் மச்சானுக்கு அமெரிக்கத் தேர்தல் என்றால் கிரிக்கெட் மாதிரி. பிரைமரிக்கு, அதாவது ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஓட்டுக்கு, எட்டு மாதம் இருக்கும்போதே வாட்ஸாப்பில் கருத்துக் கணிப்புப் படம் வந்துவிடும். ஒரு பட்டை நீளமாக, மற்றவை குட்டையாக, கீழே அவன் கைவரிசை: "ஆட்டம் முடிஞ்சுது அத்தான்."

நான் சட்டென்று நம்பாததற்குக் காரணம், ஒரு காலத்தில் அந்தப் பட்டைகளை நிரப்பும் வேலையைச் செய்தவன் நான். 2007 கடைசியில், மாணவனாக இருந்தபோது, மாலை நேரங்களில் ஒரு சர்வே நிறுவனத்துக்காகப் போன் போட்டேன். எதிரே கணினித் திரை, காதில் ஹெட்செட். "குடியரசுக் கட்சியின் பிரைமரி இன்றைக்கே நடந்தால் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?" என்று கேட்டு, பெயர்களை வாசிக்க வேண்டும். வரிசையை ஒவ்வொரு தடவையும் கணினி கலைத்துப் போடும். பாதிப் பட்டியலிலேயே சிலர் நிறுத்துவார்கள்: "அந்த நியூயார்க் மேயர் இருக்காரே, அவருக்குத்தான்." ரூடி ஜூலியானி. ஒரு பாட்டி மட்டும் நேர்மையாகக் கேட்டார்: "மத்தவங்கல்லாம் யாருப்பா?" பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

அந்த ஆண்டின் பெரும்பகுதி தேசியக் கணிப்புகளில் ஜூலியானிதான் முதலிடம். 2008 ஜனவரி 29 அன்று, அவர் மலைபோல் நம்பியிருந்த ஃப்ளோரிடாவில் மூன்றாவதாக வந்தார். மறுநாள் விலகிவிட்டார்.

ஆகவே படம் வந்ததும் நான் முதலில் தேடுவது முன்னணியை அல்ல, "இன்னும் முடிவு செய்யவில்லை" என்ற வரியை. அது படத்தில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் சின்னதாக இருக்கும். "தெரியலையே" என்று சொன்னவரை நாங்கள் விடமாட்டோம். "சரி, இப்பவே போட்டாகணும்னா யார் பக்கம் சாய்வீங்க?" என்று அடுத்த கேள்வி இருக்கும். அவர் ஒரு பெருமூச்சு விட்டு ஏதோ ஒரு பெயரைச் சொல்வார். பல கணிப்புகளில் அந்தப் பெருமூச்சும் பட்டையில் சேர்ந்துவிடுகிறது. முழு அறிக்கையைத் திறந்தால் சில நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும். அதைப் பாருங்கள்.

அடுத்து, எத்தனை பேரைக் கேட்டார்கள்? மேலே "1,000 வாக்காளர்கள்" என்று போட்டிருக்கும். ஆனால் பிரைமரி கேள்வி அந்தக் கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான். அவர்கள் 400 பேர்தான் இருப்பார்கள். ஆயிரம் பேருக்குப் பிழை வரம்பு (உண்மை நிலவரம் அந்த எண்ணிலிருந்து மேலேயோ கீழேயோ எவ்வளவு விலகலாம் என்பது) சுமார் 3 புள்ளி என்றால், 400 பேருக்கு 5. அதுவும் ஒருவரின் எண்ணுக்கு மட்டும். இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு அது இன்னும் கூடும். 30-க்கு 24 என்று ஒருவர் முந்துகிறார் என்று வையுங்கள். அந்த 6 புள்ளி முன்னணியின் பிழை வரம்பு சுமார் 7. முன்னணி என்றே சொல்ல முடியாது. இது சரியாக ஆள் பிடித்த கணிப்புக்கான கணக்கு. யார் போனை எடுக்கிறார்கள் என்பது வேறு தலைவலி: பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் பதில் விகிதம் 1997இல் 36 சதவீதம், 2018இல் 6.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிமேல்தான். அறிக்கையில் "இவரைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று ஒரு கேள்வி இருக்கும். "கேள்விப்பட்டதே இல்லை" என்றவர்களை நூறிலிருந்து கழியுங்கள். ஒரு உதாரணத்துக்கு, அ என்பவரை 90 சதவீதம் பேருக்குத் தெரியும், ஆதரவு 32. ஆ என்பவரைத் தெரிந்தவர்கள் 40 சதவீதம், ஆதரவு 20. படத்தில் அ 12 புள்ளி முன்னால். ஆனால் அவரைத் தெரிந்தவர்களில் மூன்றில் ஒருவர்தான் அவர் பக்கம். ஆ-வைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர். நாள் இருக்கிறது, விளம்பரத்துக்குப் பணமும் இருக்கிறது என்றால் நான் ஆ-வைத்தான் கவனிப்பேன். கணிப்பில் "இரண்டாவதாக யார்?" என்ற கேள்வியும் இருந்தால் அதிர்ஷ்டம். கூட்டம் குறையக் குறைய ஓட்டு எங்கே போகும் என்று அது காட்டும்.

யார் காசில் எடுத்தது என்றும் பாருங்கள். வேட்பாளர் தரப்பே வெளியிட்டதென்றால், வெளியிடாதவை அலமாரியில் எத்தனை இருக்கின்றனவோ! சில நேரம் தங்கள் கணிப்பிலேயே அவர்கள் ஏமாந்தும் போவார்கள். 2014இல் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர், பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், தன் தரப்புக் கணிப்பில் 62-க்கு 28 என்று முன்னால் இருந்தார். ஜூன் 10 பிரைமரியில் சொந்தக் கட்சிக்காரரான டேவ் பிராட்டிடம் சுமார் 11 புள்ளியில் தோற்றார். பிரைமரிக்கு வருபவர்கள் குறைவு. வருவது யார் என்ற ஊகம் தப்பினால் எல்லாம் தப்பும்.

அப்புறம் இடம். அதிபர் பிரைமரி என்றால் "தேசிய முன்னணி" என்று ஒன்றுக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. மாநிலம் மாநிலமாகத்தான் நடக்கும். 2019 ஜூன் விவாதத்தில் கமலா ஹாரிஸ் பைடனை மடக்கியதும் கணிப்புகளில் மளமளவென்று ஏறினார். எங்கள் குடும்பக் குழு முழுக்கக் கொண்டாட்டம். டிசம்பர் 3ஆம் தேதி, ஒரு ஓட்டும் விழுவதற்கு முன்பே, விலகினார். பைடன் கதை நேர்மாறு. 2020இல் முதலில் ஓட்டுப் போட்ட இரண்டு மாநிலங்களில், ஐயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களிடம் அவருக்கிருந்த பிடிப்பு, அங்கே அவர் வென்ற பிப்ரவரி 29 அன்றுதான் வெளியே தெரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆரம்ப முன்னணி எல்லாமே பொய் என்று கிளம்பிவிடாதீர்கள். நான் கிளம்பியிருக்கிறேன். 2015 ஜூலையில் டிரம்ப் முதலிடத்துக்கு வந்தபோது "டிவி முகம், ஜூலியானி கதைதான்" என்று மச்சானிடம் அடித்துப் பேசினேன். ஒரே நிறுவனத்தின் கணிப்புகளை மாதாமாதம் வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால், அந்த எண் இறங்கவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். வேறு வேறு நிறுவனங்களின் எண்களை அடுத்தடுத்து வைத்து "ஏறுகிறார், இறங்குகிறார்" என்பது வீண் வேலை.

கடைசியாக, விதி. மச்சான் ஊரான டெக்சாஸில் பிரைமரியில் 50 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் மறு தேர்தல். 2012 செனட் பிரைமரியில் டேவிட் டியூஹர்ஸ்ட் ஆரம்பக் கணிப்புகளிலும் முந்தினார், மே 29 ஓட்டிலும் முந்தினார், சுமார் 45-க்கு 34. ஜூலை 31 மறு தேர்தலில் டெட் குரூஸ் 57-க்கு 43 என்று வென்றார். ஆகவே அங்கே 38 சதவீத முன்னணி என்று படம் வந்தால், இருவர் மட்டும் மோதினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்களா என்று தேடுவேன்.

போன வாரம் மச்சான் படத்துக்குப் பதில் முழு அறிக்கையையே அனுப்பினான். கீழே எதுவும் எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தில் 312 என்ற எண்ணைச் சுற்றி அவனே சிவப்பில் வட்டம் போட்டிருந்தான்.