ஹோம்ஸ்டெட் குடியேறியின் வம்சாவளியைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவில், ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டவருக்கு அரசு நிலத்தைச் சொந்தமாக்கிய 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி நெப்ராஸ்கா மாநிலத்தில் 160 ஏக்கர் பெற்ற ஒருவரைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பலரும் கப்பல் பயணிகள் பட்டியலில்தான் ஆரம்பிப்பார்கள். அதே பெயரில் பத்து பேர் வந்து நிற்பார்கள். இறப்பிலிருந்து பின்னோக்கி வருவதுதான் சரியான வழி.

1. கல்லறைக் கல், உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பு, உயில் மூன்றையும் பாருங்கள். எந்தக் கவுண்ட்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) என்று உறுதியாகாமல் மேலே போகாதீர்கள்.

2. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசம். முதலில் 1900: பிறந்த மாதம், ஆண்டு, அமெரிக்கா வந்த ஆண்டு எல்லாம் இருக்கும். அடுத்து 1880: குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு, பெற்றோர் எங்கே பிறந்தவர்கள் என்று தெரியும். 1890 தாள்களில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டன் தீ விபத்தோடு போய்விட்டது. இடையில் பிறந்து, மணமாகிப் போன பெண் பிள்ளைகள் இந்த இருபது வருட ஓட்டையில்தான் காணாமல் போவார்கள். நெப்ராஸ்காவுக்கு 1885 கணக்கெடுப்பு கைகொடுக்கும். பெயர் சிக்கவில்லையா? கணக்கெடுத்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, பிள்ளையின் பெயர், பிறந்த நாடு, கவுண்ட்டி என்று தேடுங்கள்.

3. நிலப் பட்டா. அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் பழைய நில ஆவணத் தளத்தில் படமாகவே கிடைக்கும். பட்டாவில் குடும்ப விவரம் இருக்காது. அதிலுள்ள சான்றிதழ் எண், நில அலுவலகம், நிலம் எங்கே என்று காட்டும் செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தேசிய ஆவணக் காப்பகத்தில் நிலக் கோப்பைக் கேளுங்கள் (படிவம் 84, கட்டணம் உண்டு). புதையல் அங்கேதான். ஐந்தாண்டு குடியிருந்ததற்கு அவரும் இரண்டு சாட்சிகளும் தந்த வாக்குமூலத்தில் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் வரும். சாட்சிகளின் பெயரையும் தேடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் பல நேரம் மைத்துனராகவோ சொந்த ஊர்க்காரராகவோ இருப்பார். வெளிநாட்டவர் என்றால் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும். ஆனால் 1906-க்கு முந்தைய தாள்கள் பெரும்பாலும் நாட்டின் பெயரோடு நின்றுவிடும். ஊர்ப் பெயருக்குத் தேவாலயப் பதிவேடுதான் கதி.

பட்டாவில் 1820 சட்டம் என்றிருந்தால் அது ரொக்க விற்பனை. கோப்பு பெரும்பாலும் மெலிந்திருக்கும். டெக்சாஸ் நிலம் மத்திய அரசுடையதே அல்ல, ஆஸ்டினில் உள்ள மாநில நில அலுவலகத்தில் தேட வேண்டும். பட்டா வாங்காமலே பாதியில் விட்டுப்போனவர் நில மேலாண்மைத் துறையின் தளத்தில் சிக்கமாட்டார். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் யார் விண்ணப்பித்தார் என்று நில அலுவலகம் எழுதிவைத்த டிராக்ட் புத்தகங்களில் செக்ஷன் வாரியாகப் புரட்டுங்கள். ரத்தான விண்ணப்பமும் அதில் பதிவாகியிருக்கும்.