வெளிநாட்டு மிஷன் பணத்துல மூணு சைட்டை ஒண்ணா பாக்குறது எப்படி

குடியாத்தத்துல ஹாஸ்டல், கணியம்பாடியில கிளினிக், ஒடுகத்தூர்ல ஸ்கூல் ரூம்னு மிஷன் கட்டட வேலை மூணு சேந்து வந்துச்சுன்னா முதல்ல கணக்கை பிரிங்க. சைட்டுக்கு ஒரு நோட்டு, ஒரு பில் ஃபைல். சிமெண்ட் ஒரே லோடுல வந்தாலும் எங்க எத்தன மூட்டை இறங்குச்சுன்னு அன்னிக்கே எழுதிடணும்.

பணம் வர்ற வழியில எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ இருக்கிற டிரஸ்ட்டுக்குதான் வரணும், அதுவும் முதல்ல டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்ல விழுந்து அப்புறம்தான் நம்ம ஊரு பேங்குக்கு, 2020 திருத்தத்துக்கு அப்புறம் இன்னொரு டிரஸ்ட்டுக்கு கைமாத்தவும் கூடாது, நிர்வாக செலவு 20 சதவீதத்த தாண்டவும் கூடாது. கிளினிக்குன்னு குடுத்த காசு கிளினிக்குக்குதாங்க. 1902ல வேலூர்ல திறந்த ஷெல் ஆஸ்பத்திரியே ஒருத்தர் தன் மனைவி நினைவா குடுத்த 10,000 டாலர்ல வந்ததுதான், குடுக்கிறவங்க மனசுல என்ன இருக்கும்னு நெனச்சு பாருங்க.

மூணு சைட்டையும் ஒரே கட்டத்துல ஓட்டாதீங்க. ஒண்ணு கடக்கால், ஒண்ணு லிண்டல் (கதவு, ஜன்னல் மேல போடுற கான்கிரீட்), ஒண்ணு ரூஃப்னு தள்ளி வச்சா அதே சென்ட்ரிங் பலகையும் கம்பி கட்டுற ஆளுங்களும் சுத்தி வருவாங்க. கடக்கால் ஐப்பசி மழைக்கு முன்னாடி முடியணும்.

ரூஃப் போட்டா பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, சாம்பல் கலந்து வர்ற பிபிசி சிமெண்ட்னா 10 நாளாவது. ஒரு மே மாசம் நான் அடுத்த சைட்ல மாட்டிக்கிட்டேன், இங்க ரெண்டு நாள் தண்ணியே விடல, மேல பூரா வெடிப்பு, இன்னிக்கும் மனசு கேக்கல. அதனால தண்ணி விட மட்டும் சைட்டுக்கு ஒரு ஆள வைங்க, தெனம் சாயந்திரம் ஃபோட்டோ வாங்குங்க.