எட்டு போட எந்த வண்டி? லைசென்ஸ் தேர்வுக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடிப் பகுதிகளில் இரு சக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஓட்டத் தெரிந்தவர்களே, தரையில் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டிய ஓட்டுநர் உரிமத் தேர்வில் தடுமாறுவதைப் பார்க்கும்போதெல்லாம், கோளாறு பெரும்பாலும் அவர்கள் கொண்டுவந்த வண்டியிலேயே இருப்பது தெரிகிறது. ஹெல்மெட்டை மறந்து வருவது, இண்டிகேட்டர் போடாமல் திரும்புவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவதால், இங்கே வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்கூட்டரில் எட்டு போட்டுவிட்டு பைக் ஓட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், எனக்கு இன்னும் ஆற்றாமையைத் தருவதும் இந்தத் தவறுதான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கியர் இல்லாத மோட்டார் சைக்கிளையும் கியர் உள்ளதையும் இரண்டு தனி வகைகளாகப் பிரித்திருக்கிறது. எல்.எல்.ஆருக்கு (பழகுநர் உரிமத்துக்கு) விண்ணப்பிக்கும்போது எந்த வகையைக் குறிக்கிறோமோ அந்த வகை வண்டியில்தான் தேர்வு நடக்கும். அந்த வகைக்குத்தான் உரிமமும் கிடைக்கும். ஆகவே இந்தத் தவறு தேர்வு நாளுக்கு வெகு முன்பே, விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தேர்வு செய்யும்போதே நடந்துவிடுகிறது.

காட்பாடி இளைஞர் ஒருவர், கிளட்ச் தொல்லை இல்லை என்பதற்காக அக்காவின் ஸ்கூட்டரில் எட்டு போட்டு முதல் முறையிலேயே தேறினார். பிறகு ராணிப்பேட்டைப் பக்கம் வேலை கிடைத்ததும் அப்பாவின் 100 சிசி பைக்கில் போய்வரத் தொடங்கினார். வாலாஜாவுக்கு அருகே வாகனச் சோதனையில் நிறுத்தியபோது அவர் தயக்கமின்றி அட்டையை நீட்டினார். அதில் இருந்ததோ கியர் இல்லாத வண்டிக்கான அனுமதி மட்டுமே. அந்தப் பைக்கைப் பொறுத்தவரை அவர் உரிமம் இல்லாதவர். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றி ஓட்டுவதற்கு 181ஆவது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம் உண்டு. அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 180ஆவது பிரிவின்படி அதே அளவு அபராதம் உண்டு. இந்தப் பிரிவுகளை நான் சொல்லித்தான் அந்தத் தந்தை தெரிந்துகொண்டார்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். உரிமத்தில் இல்லாத வகை வண்டியை ஓட்டி விபத்து நேர்ந்தால், வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்பதுதான் பெரிய ஆபத்து. பிற்பாடு கியர் வண்டியைச் சேர்க்க நினைத்தாலும் புதிதாக எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாள் காத்திருந்து, மறுபடியும் எட்டு போட வேண்டும். கியர் வண்டிக்கு உரிமம் வாங்கியவர் ஸ்கூட்டரையும் ஓட்டிக்கொள்ளலாம் என்பதால், வீட்டில் இப்போது ஸ்கூட்டர் மட்டுமே இருந்தாலும் கியர் வண்டிக்கே விண்ணப்பியுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

மாமாவின் புல்லட்

புல்லட் என்று பொதுவாகச் சொல்லும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ எடை கொண்டது. ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் முன்னதில் 1,390 மில்லிமீட்டர், பின்னதில் 1,236 மில்லிமீட்டர். இந்தத் தூரம் கூடக்கூட, ஒரே அளவு ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி அகன்ற வட்டத்தில்தான் திரும்பும். குறுகிய எட்டில் அகலமாகப் போகும் வண்டியைக் கோட்டுக்குள் இழுக்க முயலும்போது வேகம் செத்து, சாய்ந்த எடையைத் தாங்கக் கால் தானாகவே தரையைத் தொட்டுவிடும். கால் ஊன்றினால் பிரேக் இன்ஸ்பெக்டர் (தேர்வு நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளர்) திருப்பி அனுப்பிவிடுவார். மறுபடி வர ஏழு நாள் ஆக வேண்டும். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் இரவு இரவல் வாங்கும் வண்டி

100 சிசி வண்டிகள் பலவற்றில் எல்லாக் கியரையும் முன்பக்கம் மிதித்தே போட வேண்டும். பல்சர் 150இல் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. ஒன்றில் பழகிய கால் இன்னொன்றில் பதற்றத்தில் தவறாகவே மிதிக்கும்.

கியரைவிடவும் கிளட்ச் முக்கியம், ஏனென்றால் எட்டு முழுவதும் அரை கிளட்சில்தான், அதாவது லீவரைப் பாதி பிடித்தபடிதான், போகிறது. பல வண்டிகளில் லீவரின் முனை 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வாக அசைந்த பிறகே கேபிள் இழுபட வேண்டும். இரவல் வண்டிகளில் இந்த அளவு அவரவர் பழக்கத்துக்கு ஏற்ப மாறியிருக்கும். உங்கள் விரல்கள் எதிர்பாராத இடத்தில் கிளட்ச் பிடிக்க, வண்டி குதிக்கும் அல்லது அணைந்துவிடும். இரவல்தான் கதி என்றால் ஒரு வாரம் முன்பே வாங்கி, அதே வண்டியில் பழகுங்கள்.

எக்செல் 100

மாற்றுவதற்குக் கியரே இல்லாததால் கியர் வண்டித் தேர்வுக்கு இது ஆகாது. 16 வயதுப் பிள்ளைகளுக்கும் ஆகாது. அவர்களுக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சிசி வரைதான், இதன் எஞ்சினோ 99.7 சிசி.

காகிதங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் வண்டியோடு வர வேண்டும். இவற்றில் பெரும்பாலும் காலாவதியாகி நிற்பது புகைச் சான்றுதான்.